கீழிமையை இழுத்துப் பார்த்தவர்

எங்கள் டாக்குத்தர் உதுமாலெவ்வை அப்போதிக்கரி மௌத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னபோது, நான் மருந்துச்சாலையில் இருமல் பாணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள்; எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பதினொரு வருடம் அவர் எழுதிய துண்டுச் சீட்டுக்கு மருந்து கலந்தவன் நான். அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அழக்கூடக் களைப்பாக இருக்கிறது.

அவருடைய கோபம் ஊருக்கே தெரியும். அவருடைய பிழை ஒன்றைச் சொல்கிறேன். அவரே எல்லாரிடமும் சொன்னதுதான். எழுபதுகளின் கடைசியில், சம்மாந்துறை வயல்வட்டையில் கூலிவேலை செய்யும் அலியார் கால் வீங்கி, மூச்சு வாங்க வந்தார். குழாய் வைத்துக் கேட்ட காக்கா, இதய வருத்தம் என்று மருந்து எழுதினார். நானும் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அலியாரைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். அப்போதுதான் காக்கா அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். வடித்த கஞ்சி போல வெளுத்திருந்தது. மலத்தைச் சோதித்தால், எல்லாம் கொக்கிப்புழு முட்டை.

"பிழை என்ட, அலியார். நெஞ்சக் கேட்டன், கண்ணப் பாக்கல்ல."

"பூச்சிக்கும் நெஞ்சுக்கும் என்ன டாக்குத்தர்?" என்று அலியாரின் மனைவி கேட்டார்.

"பூச்சி குடல்ல கடிச்சிக்கிட்டு ரெத்தத்தக் குடிக்கிது புள்ள. மிச்சம் தண்ணி ரெத்தந்தான். அத உடம்பெல்லாம் அனுப்ப நெஞ்சு ஓடி ஓடிப் பெருத்துப் போகுது. ரெண்டு சோடி மாடு மிதிக்கிற நெல்லுச் சூட்ட ஒத்த மாட்ட உட்டு மிதிச்சா, மாடு தாங்குமா?"

பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் ஏற்றினார்கள். பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையும் நாங்கள் கொடுத்தோம். வீக்கம் வடிந்தது. அடுத்த போகத்தில் அதே வீக்கத்தோடு மனுசன் வந்து நின்றார். வெறுங்காலில் ஏறும் புழு அது. காக்கா வாங்கிக் கொடுத்த செருப்போ, மண் படாமல் கையில் இருந்தது.

"நெல்லு மிதிக்கிற களவெட்டிக்குள்ள செருப்போட போனா பொலி கொறஞ்சி போயிரும் டாக்குத்தர்."

"களவெட்டியில கழட்டு, அது மரியாத. வெளிக்கிப் போற பத்தைக்குள்ள போட்டுக்க. அங்க என்ன பொலியா இரிக்கி?" என்று காக்கா கத்தினார். சிரிப்பை அடக்க நான் உள்ளே போய்விட்டேன். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "மூணாந்தரம் வந்தா இந்த நெஞ்சு தாங்காது அலியார்."

அலியார் ஓம் என்றார். காக்கா நம்பவில்லை. சந்தையோ கல்யாண வீடோ, எங்கே கண்டாலும் நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸலாம் சொல்லுவார்.

அந்த விரல் பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. காக்காவை அடக்கிய மையவாடியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்த அலியார், என் முன்னால் முகத்தை நீட்டினார்.

"இனி நீங்கதான் பாக்கணும்."

இழுத்துப் பார்த்தேன். சிவந்திருந்தது. இரத்தச் சிவப்பா, அழுத சிவப்பா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"நாளைக்கு மருந்துச்சாலைக்கு வாங்க," என்றேன்.