நான்கு நாடுகளும் ஒரு கரும்புள்ளியும்

கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'சீவல் அக்கா'. செத்துப்போன ஆடு மாடுகளின் ஈரல், நுரையீரல் துண்டுகளை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவது டாக்டரின் வேலை. ஆனாலும் அவரிடம் கொடுக்குமுன் தானும் ஒரு தடவை பார்த்துவிடுவாள். யாரும் பார்க்கச் சொன்னதில்லை. கேட்டால், "சமைச்சவ உப்பு பாக்க வேண்டாமா?" என்பாள்.

டாக்டர்தான் கால்நடை நோய்க்குறியியல் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் மொத்தமே பதினாறு பேர். அந்த வருடம் பக்கத்து மூன்று நாடுகளின் சங்கங்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாதம் ஒரு நாடு தனக்குப் பிடிபடாத நோயின் ஸ்லைடுகளை மற்ற மூன்றுக்கும் அனுப்பும்; எல்லோரும் பார்த்துவிட்டுக் கணினித் திரையில் கூடிப் பேசுவார்கள். முதல் மூன்று கூட்டங்களும் சம்பந்திகள் சந்திப்பு மாதிரி மரியாதை சொல்வதிலேயே கழிந்தன.

நான்காவது மாதம் வந்தது மாட்டு ஈரல். அனுப்பிய நாட்டில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மாடுகள் இளைத்து இளைத்துச் செத்துக்கொண்டிருந்தன. ஸ்லைடெங்கும் பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். இரத்தத்தில் சேரும் ஒட்டுண்ணி என்றார்கள் எல்லோரும். நம் டாக்டரும் அதைத்தான் சொன்னார். அந்த நாட்டில் ஒரு மாதமாக அதற்குத்தான் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடுகள் சாவது மட்டும் நிற்கவில்லை.

அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. புள்ளிகள் உயிரணுவுக்குள் இல்லை; மேலே சிந்திய மாதிரிக் கிடந்தன. துண்டுகளை ஊறவைக்கும் ஃபார்மலின் நாள்பட்டுப் புளித்துவிட்டால் இரத்தத்தோடு சேர்ந்து இப்படிக் கறை விடும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவளே இதே தவறைச் செய்ய, அப்போதிருந்த தலைமை அதிகாரி எல்லார் முன்னாலும் தட்டைத் தூக்கியெறிந்து, "கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்க?" என்று கத்தியிருக்கிறார். மூன்று மாதம் பாட்டில் கழுவ விட்டார்கள்.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். பஸ் ஓட்டுநர், எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

"சொன்னா அங்க ஒருத்தர் தலை உருளுங்க."

"சொல்லலைன்னா மாடுல்ல உருளுது?"

மறுநாள் டாக்டர் அறைக்குப் போனாள். "சார், அது ஒட்டுண்ணி இல்ல. ஃபார்மலின் கறை."

"நாலு நாட்டு டாக்டருங்க பாத்திருக்கோம்மா."

"பாத்தீங்க சார். ஸ்லைடு போடுறவங்க யாரையும் கேக்கலையே."

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மிச்சமிருந்த ஒரு ஸ்லைடைக் கொடுத்தார். எரிசாராயத்தில் கரைத்த பிக்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் அந்தக் கறை போய்விடும். அப்படியே செய்து, கழுவி, புதிதாகச் சாயம் ஏற்றி அடுத்த நாள் மதியம் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் குனிந்தார், வெகுநேரம் நிமிரவேயில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. அதுவரை புள்ளிகளுக்கு நடுவில் யாரும் கவனிக்காத ஈரல் இப்போது பளிச்சென்று தெரிந்தது. கொழுப்பேறி வீங்கிய அணுக்கள். தாறுமாறாகப் பெருகிய பித்தக் குழாய்கள்.

"தீவனம்மா! பூஞ்சை பிடிச்ச தீவனம்! இப்பவே கூட்டத்தைக் கூட்டிச் சொல்லிடுவோம்."

"முதல்ல அந்த ஸ்லைடு போட்டவர்கிட்ட நான் பேசிடறேன் சார். எல்லார் முன்னாடியும் அவரைக் குட்ட வேணாம்."

திரையில் வந்தவர் நரைமீசைக்காரர். இவள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி இவளுக்குத் தெரியாது. பாதி ஆங்கிலம், மீதி கை ஜாடை. பழைய பெட்டியிலிருந்து தன்னுடைய அந்த இரண்டாம் வருட ஸ்லைடை எடுத்துவந்து காட்டினாள். அதே புள்ளிகள். தன் நெஞ்சைத் தொட்டு, "நான் போட்டது" என்றாள். அவர் எழுந்துபோய், வெயில் விழும் ஜன்னலோரம் இருந்த பெரிய ஜாடியைத் தூக்கிவந்தார். ஃபார்மலின் புளிக்காமலிருக்கக் கலக்கும் உப்பு தீர்ந்து ஐந்து மாதமாம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாராம்.

அடுத்த கூட்டத்தில் அவரே பேச அனுமதி கேட்டார். மருந்து புளித்திருந்ததையும், அதைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இன்னொரு நாட்டுச் சங்கத்தின் தலைவி, "என் அலமாரியையும் திறந்து பாக்கணும் போலிருக்கே!" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பார்த்தார்கள். இன்னும் இரண்டு ஆய்வுக்கூடங்களில் அதே புளிப்பு.

பள்ளத்தாக்கின் தீவனத்தைச் சோதித்ததில் பூஞ்சை நஞ்சு இருந்தது. தீவனத்தை மாற்றினார்கள். ஏற்கெனவே முற்றியவை பிழைக்கவில்லை. ஆனால் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு புதிதாக எந்த மாடும் இளைக்கவில்லை. நரைமீசைக்காரரிடம் உப்பு மூட்டையாக வந்து சேர்ந்ததாம். அக்காவும் அவரும் சேர்ந்து, படம் போட்டு, ஃபார்மலினைப் பாதுகாப்பது பற்றி ஒரே பக்கத்தில் எழுதினார்கள். நான்கு மொழிகளில் அது கூடங்களின் சுவரேறியது.

ஸ்லைடு போடுபவர்களும் உறுப்பினராகலாம் என்று நான்கு சங்கங்களும் விதியைத் திருத்தின. அவர்களுக்கென்று நடந்த முதல் கூட்டத்துக்கு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். யாரும் வணக்க உரை படிக்கவில்லை. "வெயில்ல மெழுகு இளகிச் சீவவே வரலையே, நீங்கள்லாம் என்ன பண்றீங்க?" என்று ஒரு பெண் கேட்க, ஒரே நேரத்தில் ஒன்பது பேர் கையைத் தூக்கினார்கள். முதல் ஆளாக வாயைத் திறந்தது சீவல் அக்காதான்.