இருபத்து மூன்றாவது பின்னூட்டம்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். காற்று இல்லை. மேற்கே மட்டும் கொஞ்சம் மேகம். மீஞ்சூரின் வழக்கமான புழுக்கம். முன்பின் தெரியாத ஒருவருடைய வலைப்பூவில் என் முதல் பின்னூட்டத்தை அப்போதுதான் எழுதினேன். பதினேழு வரி.

ஓய்வு பெற்றபின் நானும் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் ஸ்டோர்ஸில், வந்து இறங்கும் சரக்கை எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை. இருபத்தொன்பது வருடம் ரயிலில் போய்வந்த கதையை எழுதினேன். ஐந்து மாதத்தில் பதினான்கு பதிவுகள். பக்கத்தின் அடியில் இருந்த கணக்கு, 212 முறை திறக்கப்பட்டதாகக் காட்டியது. அதில் 190 முறை திறந்தவன் நான். பதினொரு முறை மருமகள். கேட்டபோது, அவளும் முதல் பதிவைத் தாண்டவில்லை என்று ஒப்புக்கொண்டாள். எல்லாவற்றையும் முழுதாகப் படித்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதுதான் என்னை அரித்தது. நூறு பேர் வேண்டாம். ஒருவர் போதும்.

மருமகள்தான் வழி சொன்னாள். மற்றவர்கள் எழுதுவதை நன்றாகப் படித்து, யோசித்துப் பின்னூட்டம் போட்டால், யார் இந்த ஆள் என்று பார்க்க அவர்கள் நம் பக்கத்துக்கு வருவார்களாம். எனக்கு இது மொய் வைப்பதுபோலத் தெரிந்தது. நாம் போனால் அவர்கள் வரவேண்டும். உடனே ஒரு நோட்டில் கோடு போட்டு, வைத்தது இடப்பக்கம், திரும்பி வந்தது வலப்பக்கம் என்று பிரித்துக்கொண்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். காலை நாஷ்டா வைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

“இன்னாங்க, இன்னிக்கு எத்தினி ஊட்டுக்கு மொய் வெச்சீங்க?”

பின்னூட்டம் எழுத எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: சரக்கைப் பிரித்து எண்ணுவது. எலுமிச்சை ஊறுகாய் பற்றி எழுதியிருந்த ஓர் அம்மாளுக்கு, அவர் சொன்ன நிமிடங்களைக் கூட்டினால் ஐம்பது வருகிறது, தலைப்பில் அரை மணி என்று இருக்கிறதே என்று எழுதினேன். மறுநாள் என் பின்னூட்டத்தைக் காணவில்லை. திருப்பாச்சூர் கோயிலுக்குப் போய்வந்த ஒருவர் பன்னிரண்டு படங்கள் என்று சொல்லிப் பதினொன்றைப் போட்டிருந்தார். அதையும் சொன்னேன். அவர் “நன்றி ஐயா” என்று எழுதினார். படத்தைப் போடவில்லை. இருபத்திரண்டு பின்னூட்டத்துக்கு வலப்பக்கம் மூன்று வரவு. அதில் ஒன்று வீட்டுமனை விளம்பரம்.

இருபத்து மூன்றாவது, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து எழுதும் ஒரு பெண்ணுக்கு. சின்னச் சின்னப் பதிவுகள். இன்று இறால் இவ்வளவு, காற்று இந்தப் பக்கம் என்று. ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடலாம் என்று ஊரே முறை வைத்திருப்பதை அவர் எழுதித்தான் அறிந்தேன். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அவர் வீட்டுக்காரருக்கு மூன்று நாளுக்கு ஒரு பாடு. அந்தப் பதிவுகளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எல்லாவற்றையும் படித்து, தேதிவாரியாக எழுதிப் பார்த்து, ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் பின்னூட்டம் போட்டேன். ஜூலையில் உங்கள் வீட்டுக்குப் பத்துப் பாடு வந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது ஏழு. மீதி மூன்று எங்கே?

முழுதாகப் படித்திருக்கிறேன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பதில் வரவில்லை. அதோடு அவர் எழுதுவதும் நின்றுபோனது. தினமும் நான்கு முறை திறந்து பார்த்தேன். கடைசியாக என் கேள்விதான் நின்றது. மனைவியிடம் சொன்னதற்கு, அடுத்தவர் குடும்பத்துச் சட்டியில் எத்தனை மீன் என்று எட்டிப்பார்த்தால் யார்தான் பேசுவார்கள் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் என் வலைப்பூவின் கணக்கு தானாக நகர்ந்தது. முதல் பதிவு, பிறகு இரண்டாவது. மறுநாள் மூன்று, நான்கு. யாரோ வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தார். மருமகளைக் கேட்டேன், அவள் இல்லை. நாளுக்கு இரண்டு வீதம் ஏழு நாள். அந்த ஏழு நாளும் பள்ளிக்கூடப் பிள்ளை பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல இருந்தேன். எட்டாம் நாள், பதினான்காவது பதிவின் அடியில், பின்னூட்டம் வந்தது. ஏரிக்கரைப் பெண்தான்.

“ஐயா, அந்த மூணு நாளும் ஊட்டுக்காரரு ஏரிக்குப் போவல. வலை கிழிஞ்சி கெடந்துச்சு, நூல் வாங்க வழியில்ல. அத்த எழுத வெக்கமா இருந்துச்சு. எண்ணுவீங்கன்னு நெனைக்கல. உங்க பதிவு எல்லாம் படிச்சேன். மூணாவதுல ரயில்ல ஏழு பேரு ஒண்ணா குந்திக்கினு போனீங்கன்னு இருக்குது. பதினொண்ணாவதுல ஆறு பேருதான். ஒருத்தரு எங்க?”

மூன்று முறை படித்தேன். கேட்டது கிடைத்துவிட்டது. ஒருவர் முழுதாகப் படித்துவிட்டார்.

முதலில் தோன்றியது, மூன்றாவது பதிவில் ஏழு என்பதை ஆறு என்று மாற்றிவிடலாம் என்பது. ஒரே எழுத்தழுத்தம். பதிவைத் திறந்தும்விட்டேன். ஆனால் ஸ்டோர்ஸ் பேரேட்டில் பதிந்ததை அழிக்கக் கூடாது. தப்பென்றால் மேலே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இருபத்தொன்பது வருடத்தில் நான் ஓர் எண்ணைக்கூட அழித்ததில்லை. காரணம் எழுதுவதென்றால், அந்த ஏழாவது ஆளைப் பற்றி எழுத வேண்டும்.

அவர் பக்கத்து ஆலையில் கடைசல் வேலைக்காரர். ரயிலில் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்து வைப்பவர். அவர் மகன் எங்கள் ஸ்டோர்ஸ் வேலைக்கு எழுதிய பரீட்சைத் தாளை என்னிடம்தான் திருத்தக் கொடுத்தார்கள். தேற நாற்பது வேண்டும். முப்பத்தெட்டு வந்தது. மூன்று முறை கூட்டினேன், முப்பத்தெட்டுதான். முப்பத்தெட்டு என்றே எழுதிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவர் வேறு பெட்டியில் ஏறினார். மீதி ஐந்து பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு வருடம் ஆகிறது.

அவரைப் பார்க்காமல் அவரைப் பற்றி எழுத மனம் வரவில்லை. எழுதாவிட்டால் கிடைத்த ஒரே வாசகருக்குப் பதில் இல்லை. அந்தச் சனிக்கிழமை ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, விசாரித்து, சிப்காட்டுக்குப் பின்பக்கத் தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த வாழைப்பழச் சீப்பையும் பார்த்தார்.

“இன்னா நைனா, அந்த ரெண்டு மார்க்கு எடுத்துக்கினு வந்தியா?”

சீப்பை நீட்டினேன். பக்கத்து நாற்காலியிலிருந்த செய்தித்தாளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். மகன் இப்போது சொந்தமாக இரண்டு கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறானாம். சேர்ந்திருந்தால் எங்கள் ஆலை மூடியபோது அவனும் தெருவுக்கு வந்திருப்பான் என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் தப்பு என்று சொல்லவில்லை, கூட்டல் சரிதானே. தெருமுனைக் கடைக்குப் போனோம். டீக்கு நான்தான் கொடுக்க வேண்டும் என்றார், கொடுத்தேன். உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு, முப்பத்தெட்டு என்பதை மட்டும் எழுத்தில் எழுது, எண்ணில் போடாதே, பையன் கண்ணில் பளிச்சென்று படும் என்றார்.

அப்படியே எழுதியிருக்கிறேன். பழவேற்காட்டு அம்மாவுக்கு இதுதான் பதில்.

ரயில் போகவர இருபது, ஷேர் ஆட்டோ நாற்பது, பழம் ஐம்பது, டீ இரண்டு முப்பது. மொத்தம் நூற்று நாற்பது ரூபாய்.