பரமசிவம் போட்ட ஒற்றை மாங்காய்

பரமசிவம் அங்கிள் முதல் நாள் எம்பிராய்டரி வகுப்புக்கு வந்தபோது, மனைவியைக் கூட்டிப்போக வந்தவர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பஃபளோ ரோட்டில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடி. சனிக்கிழமை மூன்று மணி. ஏழு பெண்கள், ஆளுக்கொரு துணி மாட்டிய மரவளையம். அவர் பஸ் ஓட்டுநர் சீருடையோடு வாசலில் நின்று, எட்டாவது வளையம் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தச் சீருடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விடிகாலையிலிருந்து பஸ் ஓட்டிவிட்டு வந்தவரின் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. கைமடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும் போலிருந்தது. நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கசங்கிய சட்டையோடு நாடு திரும்பியிருந்த எனக்கு அவர் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருந்தது. என்னை ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைக்க முடியுமா என்று பார்ப்பதற்காக அம்மா சேர்த்துவிட்ட வகுப்பு அது. பாதியில் நழுவிவிடுவதாகத்தான் திட்டம்.

ஆசிரியை யாமினி கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆனவர். கண்டிப்பானவர். முதல் இரண்டு வாரம் வெள்ளைத் துணியில் சங்கிலித் தையல் மட்டும், அப்புறம் இலை, ஐந்தாவது வாரம்தான் மாங்காய் என்றார். பரமசிவம் அங்கிள் கை தூக்கினார். மாங்காய் கொஞ்சம் முன்னாடி வராதா என்று கேட்டார்.

"அங்கிள், பஸ்ஸே முன்னாடி வர்றதில்ல. மாங்காய் எப்படி வரும்?" என்றாள் யும்னா, பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்து, சக்கரத்தின் நட்டு முறுக்குகிறவர்போல நூலை இழுத்தார். துணி சுருக்குப்பைபோலச் சுருண்டது.

இரண்டாவது வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பியபோது அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியில் வைத்துத் தைத்ததில் துணியையும் கால்சட்டையையும் சேர்த்தே தைத்திருந்தார். எழுந்தால் வளையமும் கூடவே எழுந்தது. நான் கத்தரிக்கோலோடு குனிந்து ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்திலிருந்த அவருடைய பையிலிருந்து ஒரு பட்டு ரவிக்கை எட்டிப் பார்த்தது. கத்தரிப்பூ நிறம், பச்சைக் கரை. முதுகில், இடது பக்கம், ஐம்பது காசு அளவுக்கு ஓர் ஓட்டை.

அவர் அதை மறைக்கப் பார்த்து, முடியாமல், சொல்லத் தொடங்கினார்.

பரமசிவம் அங்கிளுக்கு ஐம்பத்தெட்டு வயது. புக்கிட் பாஞ்சாங்கில் வீடு. பதினெட்டு வயதில் கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போனபோது, பச்சை ராணுவச் சீருடையைக் கஞ்சி தெளித்து, இஸ்திரிப் பெட்டியைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி, மடிப்பு நிற்கும்வரை அழுத்தித் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அணிவகுப்பில் அந்த மடிப்புக்காக ஒருமுறை பெயர் சொல்லிப் பாராட்டினார்களாம். அன்றிலிருந்து அவர் எதைத் தேய்த்தாலும் அப்படித்தான். கைக்குட்டை, தலையணை உறை, சமையலறைத் துண்டு எல்லாம் அணிவகுப்புக்குத் தயாராகத்தான் அலமாரிக்குள் போகும்.

அந்த ரவிக்கை அவர் மனைவி மங்களத்தினுடையது அல்ல. மனைவியின் அக்கா வைதேகியுடையது. ஊரின் இன்னொரு கோடியில், பிடோக்கில் இருக்கிறார். அக்காவும் தங்கையும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள். மங்களம் ஆன்ட்டி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் நாற்பது காலை வணக்கப் படங்கள் அனுப்பியதில், வைதேகி அவரைக் குழுவிலிருந்தே நீக்கியிருக்கிறார். விரல் பட்டுவிட்டது என்று ஒரு கட்சி, வேண்டுமென்றே செய்தாள் என்று இன்னொரு கட்சி. நடுவில் ஒரு தீபாவளிக்கு மங்களம் ஆன்ட்டி தட்டு நிறைய முறுக்கைச் சுட்டுவைத்துவிட்டு, கொடுக்க ஆளில்லாமல் அழுததை அங்கிள் பார்த்திருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் சமாதானம் ஆகி, கழுத்து வெட்டு நன்றாக இருக்கிறதே என்று தங்கை சொல்லவும், மாதிரிக்கு வைத்துத் தைத்துக்கொள் என்று அக்கா அந்த ரவிக்கையைக் கொடுத்தனுப்பியிருந்தார். மகனுடைய புதுவீட்டு விழாவுக்கு வேண்டும், மூன்று வாரத்தில் திரும்பக் கொடு என்றும் சொல்லியிருந்தார்.

"கசங்கின துணியைத் திருப்பிக் குடுத்தா நல்லாருக்குமா? அதான் தையல்கடையிலேருந்து வாங்கிட்டு வந்ததும் தேய்ச்சேன். நம்பர் ஃபைவ்ல வச்சு," என்றார். "இது தெரிஞ்சா மறுபடியும் ரெண்டு வருஷம்மா. இந்தத் தடவை நான்தான் காரணம்."

தையல்காரர் மூன்று பேர் கைவிரித்துவிட்டார்கள். நாலாவது தையல்காரர் மங்களம் ஆன்ட்டிக்குத் தெரிந்தவர். அவரிடம் போனால் விஷயம் வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே மாதிரிக்குக் கொடுத்த ரவிக்கை இன்னும் தையல்கடையிலேயே இருப்பதாக வீட்டில் ஒரு பொய். சனிக்கிழமை முதலுதவிப் பயிற்சிக்குப் போவதாக இன்னொரு பொய். இரண்டாவது பொய்யை மங்களம் ஆன்ட்டி பெருமையாக மாடி முழுவதும் சொல்லிவைத்ததில், எதிர்வீட்டு மலாய்க்காரப் பாட்டிக்குத் தலைசுற்றல் வந்ததும் இவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் பாட்டியை உட்காரவைத்து சூடாக மைலோ பானம் கலக்கிக் கொடுத்திருக்கிறார். நல்லவேளையாகப் பாட்டிக்குச் சரியாகிவிட்டது.

நான் யாமினியிடம் போய்ச் சொன்னேன். அவர் ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்து மேலே மாங்காய் போட்டால் மூடிவிடலாம், ஆனால் ஒரு பக்கம் மட்டும் போட முடியாது, வலது பக்கமும் வேண்டும் என்றார். இரண்டுக்கு நேரமில்லை. ஒன்று போதும், அதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லிக்கொள்வதாக அங்கிள் முடிவு செய்தார்.

அந்த வாரம் முழுவதும் இன்டர்சேஞ்ச் என்கிற பஸ் நிலையத்தின் ஓய்வறையில் மாங்காய் வளர்ந்தது. சேவியர் என்ற சக ஓட்டுநர் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, இவர் தைத்தார். மூன்றாவது சனிக்கிழமை அதை எங்களிடம் காட்டினார். மாங்காய் என்று சொன்னால் மாங்காய். கொஞ்சம் பாகற்காய் சாயல். ஆனால் ஓட்டை தெரியவில்லை. நழுவும் திட்டம் எனக்கு மறந்தே போயிருந்தது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன். பின்னால் இரண்டு பெண் குரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்தன. பிடோக்குக்கு, வைதேகி வீட்டுக்கு வர முடியுமா, ஒரு சாட்சி வேண்டும் என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரவிக்கை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை. இது என் ரவிக்கையே இல்லை, என்னுடையதில் மாங்காய் கிடையாது, கடையில் யாருடையதையோ மாற்றி வாங்கி வந்து என் தலையில் கட்டுகிறாள் என்பது வைதேகியின் வாதம். கொடுத்த ரவிக்கையில் என்ன இருந்தது என்று அக்காவுக்கே தெரியவில்லை, தன் முதுகைத் தானே யார் பார்த்தார்கள் என்பது மங்களம் ஆன்ட்டியின் வாதம். அங்கிள் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தார். அதில்தான் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. பெண்டாட்டியைக் காப்பாற்றப் புளுகுகிறார் என்று அக்கா நினைத்தார். அக்காவுக்குப் பரிந்துகொண்டு வருகிறார் என்று தங்கை நினைத்தார். அவர் ஊசி பிடித்தார் என்பதை மட்டும் இரண்டு பேருமே நம்பவில்லை.

"இந்தப் பொண்ணுதான் முதலுதவி கிளாஸா?" என்று மங்களம் ஆன்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இல்லை ஆன்ட்டி, எம்பிராய்டரி என்றேன். அது என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே பொய்போல இருந்தது.

வைதேகி எழுந்து உள்ளே போனார். ஓர் ஊசி, சிவப்பு நூல், ஒரு கை துடைக்கும் துண்டு ஆகியவற்றோடு வந்தார். "தம்பி, போட்டுக் காட்டுங்க," என்றார்.

அங்கிள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியை மறந்து வந்திருந்ததால் வைதேகியின் கண்ணாடியையே வாங்கி மாட்டிக்கொண்டார். மூன்றாவது முயற்சியில் நூல் கோத்தார். கண்ணி மேல் கண்ணியாகச் சிவப்பு நூல் வளைந்து போய், மேலே ஏறி, மாங்காயின் மூக்கில் திரும்பியது. பாகற்காய் சாயல் அப்படியே இருந்தது. மேசைமேல் கிடந்ததும் இதுவும் ஒரே கை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

மங்களம் ஆன்ட்டி மெதுவாக ரவிக்கையை எடுத்து உள்புறம் திருப்பினார். ஒட்டுத்துணியின் ஓரத்தில் கருகிய விளிம்பு தெரிந்தது. அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு பட்டன் தச்சுக் குடுத்திருக்கீங்களா?" என்றார் மங்களம் ஆன்ட்டி.

"அதை விடுடி. இந்த மனுசன் கைக்கு எட்டுற இடத்துல பட்டுத் துணியை யாராச்சும் வைப்பாங்களா?"

"நான் எங்கக்கா வச்சேன்? கட்டிலுக்கு அடியில இருந்தாக்கூட எடுத்துத் தேய்ப்பாரு. போன வருஷம் என் நைலான் சேலை என்னாச்சுன்னு நினைக்கிற?"

"சொல்லவே இல்ல நீ."

"நீதான் பேசலயே."

வைதேகி நைலான் சேலைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மங்களம் ஆன்ட்டி சொன்னார். சேலையிலிருந்து அங்கிளின் மற்ற குற்றங்களுக்குப் போனார்கள். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் எடுத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையே மறந்து, அவரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில் வைதேகி திரும்பி, ஒற்றை மாங்காயோடு நான் எப்படி விழாவில் நிற்பது, வலது பக்கமும் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தங்கையை அழைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

உள்ளே வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. பேச்சு நிற்கவில்லை. யாரோ ஒரு சம்பந்தியைப் பற்றி ஆரம்பித்திருந்தார்கள். இடையில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு வலது மாங்காய் முடியப்போகிற நிலையில் இருந்தது. நான் கிளம்பலாமா அங்கிள் என்று கேட்டேன்.

"நீ போம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "நான் எழுந்தா, அவளும் வீட்டுக்குப் போலாம்னு எழுந்துருவா."

சமையலறைப் பக்கம் ஒருமுறை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கடைசி வரிசைத் தையலை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு மறுபடியும் நூல் கோக்க ஆரம்பித்தார்.