பத்துப் பூசணிக்காய்

திருச்செங்கோட்டில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் நான் சமையல் ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களுக்கு இயற்கை முறையில் தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்க ஓர் அம்மா வந்தார். புடவைமேல் முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். தினமும் காலையில் முதல் வேலையாக எங்கள் சமையலறைக் கழிவு வாளியைத் திறப்பார். உரத்துக்கு ஆவதைப் பிரித்துக்கொண்டே, "யாருங்க முட்டைக்கோசுல பாதிய வீசுனது?" என்பார். குற்றவாளி பெரும்பாலும் நான்தான்.

ஒருநாள் விருந்தினர் வருகிறார் என்று, அவரைக் கேட்காமலே தோட்டத்துப் பூசணிப்பூவைப் பறித்து பஜ்ஜி போட வைத்தேன். அடியில் பிஞ்சு ஒட்டிய பூவாகப் பார்த்துப் பறிக்கச் சொன்னதும் நான்தான். தட்டில் அழகாக இருக்குமே!

மாலையில் அவர் வந்தார். திட்டு விழப்போகிறது என்று நின்றேன். மிச்சமிருந்த ஒரு பஜ்ஜியை எடுத்து நிதானமாகத் தின்றார்.

"நல்லா இருக்குதுங்க சார். பிஞ்சில்லாத ஆண்பூ அத்தன இருந்துச்சு. நீங்க பத்துப் பூசணிக்காயப் பொரிச்சுப்போட்டீங்க."

அவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து, செய்முறைத் தேர்வுக்குப் பூசணிக்காய்க் கூட்டு. தோட்டத்தில் காய் இல்லாததால் சந்தையில் வாங்கினேன். முதல் ஆளாகத் தட்டை நீட்டிய அந்த அம்மா ஒரு வாய் தின்றுவிட்டுக் கேட்டார்:

"ருசியா இருக்குதுங்க. இது யாரு ஊட்டுக் காயிங்க சார்?"