சின்னம்மாவின் கேக் மெஷின்

நேற்று மிக்சி ரிப்பேர்க் கடையில் மெஷின் எண்ணெய் வாடை அடித்ததும், புதுக்கோட்டையில் பிற்பாடு இடித்துப்போட்ட எங்கள் பழைய வீட்டின் சமையல்கட்டில், வெள்ளிதோறும் கேக் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா நினைவுக்கு வந்தார். பினாங்கில் அவரோடு குடித்தனம் இருந்தபோது சின்னம்மா முட்டையும் மாவும் அடித்துக் கேக் செய்த கரண்டு மெஷின் அது. சாமான்களோடு சித்தப்பா முன்னால் ஊருக்கு வர, அடுத்த கப்பலில் சின்னம்மா வருவதாக இருந்தபோது ஜப்பான் சண்டை மூண்டு கப்பல்கள் நின்றுபோயின. அவள் வரும்வரை அது கெட்டுவிடக் கூடாதென்று, சண்டை நடந்த வருஷங்கள் முழுக்க அவர் தூசி துடைத்து, பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கை வைத்துப் பார்த்து, சூடேறும் முன்னே நிறுத்திவிடுவார்.

சண்டை முடிந்து பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவர், சின்னம்மா முதல் குண்டுவீச்சிலேயே போய்விட்டதாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை சித்தப்பா எதையும் பிரிக்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். வெறும் கிண்ணத்தில் கம்பிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. மெல்லப் புகை கிளம்பியது.

"நிறுத்துங்க தம்பி, எரிஞ்சிரும்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் மதினி, தானா நிக்கட்டும்" என்றார் சித்தப்பா.

சுவிட்சுக்குப் போன கையை அம்மா இழுத்துக்கொண்டாள்.