பயணத்தின் நோக்கம்

எங்கள் தாம்பரம் அலுவலகத்தில் இருந்த ஒரே காருக்கு நீளமான ஒரு பதிவேடு உண்டு. கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ஓடிய தூரம் என்று கட்டங்கள் போய், கடைசியில் ‘பயணத்தின் நோக்கம்’ என்று அகலமாக ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புவது என் வேலை. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத இளநிலை உதவியாளன் நான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றுகொண்டிருந்தன. போர் வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. தாம்பரத்துக்கு மேலே எப்போதும் சுற்றும் பயிற்சி விமானத்தைக்கூட டீக்கடையில் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எரிபொருளைச் சேமிக்க வேண்டும். கார் அலுவல் பணிக்கு மட்டுமே. வீட்டிலிருந்து அழைத்துவரவோ கொண்டுவிடவோ கூடாது. எங்கள் அதிகாரி படித்துக் கையெழுத்திட்டார். மறுநாளிலிருந்து கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மா. கைப்பையும் சாப்பாட்டுக் கூடையுமாக, வியர்வையைத் துடைத்தபடி படியேறுவார். வேறெந்த அதிகாரியும் இப்படிச் செய்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

ஒரு நாள் காலை, அலுவலகத்தைப் பெருக்கும் அக்கா அழுதுகொண்டே அவர் அறைக்குள் ஓடினார். “மேடம், அனகாபுத்தூர்ல பொண்ணுக்கு வலி எடுத்துக்கீது. சந்துக்குள்ள ஒரு ஆட்டோகாரனும் வர மாட்டேன்றான்.” அதிகாரி யோசிக்கவே இல்லை. டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு, அக்காவைக் காரில் ஏற்றி அனுப்பினார். சாயங்காலத்துக்குள் பேத்தி பிறந்த சேதி வந்தது. நான் பதிவேட்டோடு போய் நின்றேன்.

“மேடம், நோக்கம் என்னன்னு எழுதட்டும்?”

“நடந்ததை எழுதுங்க தம்பி.”

எழுதினேன். ‘அலுவல் பணி’ என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். “இன்னா சார், இதைப் போய் எழுதுவாங்களா?” என்று டிரைவர் அண்ணன் கடிந்துகொண்டார். மேடம் சொன்னதைத்தானே எழுதினேன் என்றேன். மாதக் கடைசியில் நகல் தலைமை அலுவலகம் போனது. விளக்கம் கேட்டு அதிகாரிக்குக் கடிதம் வந்தது. பதிலை அவரே டைப் செய்து அனுப்பினார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம் அவருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரான கணவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, பேச்சு குழறுகிறது என்றார்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். டிரைவர் அண்ணன் கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தார். “ஏறுங்க மேடம்.” மேடத்தின் கை கதவு வரை போனது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வேண்டாம். பாவம், தம்பி இதையும் எழுத வேண்டியிருக்கும்.”

கேட்டைத் தாண்டி விறுவிறுவென்று நடந்துவிட்டார். எழுத மாட்டேன் மேடம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆட்டோ கிடைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. மேடவாக்கம் சாலை நெரிசலில் இன்னும் எவ்வளவோ. கணவர் பிழைத்தார். வலது கை போய்விட்டது, பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது.

அந்தப் ‘பாவம்’ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னைக் குத்தினாரா, இரங்கினாரா? அடுத்தவர் பெண்ணுக்கு வளைந்த விதி தன் கணவருக்கு ஏன் வளையவில்லை? நான் உள்ளதை எழுதியது நேர்மையா, வெறும் பயமா? படைகள் திரும்பின, போர் வரவில்லை. சுற்றறிக்கையை யாரும் ரத்து செய்ததாகவும் தெரியவில்லை; மறந்துபோனார்கள், அவ்வளவுதான்.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மேடம் கேக் கொடுத்தார், பழைய ஆட்களை விசாரித்தார். தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன்: “அன்னைக்கு நீங்க கார்ல போயிருக்கலாம் மேடம்.”

“எந்தக் காரு? அன்னைக்கு டிரைவர் லீவாச்சே?” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு காபி போட உள்ளே போனார்.

கணவர் இடது கையால் என் முழங்கையைத் தொட்டார். ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, “தினமும்... அந்தக் காரை... சொல்லுவா,” என்றார்.

“என்ன சார் சொல்வாங்க?”

உதடுகள் அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வரவில்லை. நான் இன்னும் குனிந்தபோது மேடம் காபியோடு வந்துவிட்டார்.

“சர்க்கரை போதுமா பாருங்க தம்பி,” என்றார்.

போதும் என்றேன்.