படத்தில் ஒன்பது, தண்ணீரில் பத்து

தேங்காய்க் கதம்பையால் மூன்று தேய்ப்பு. பாசி விலகி, மடைச் சுவரில் ஒன்பது என்ற எண் பளிச்சென்று வந்துவிடும். அடி அடியாக எழுதியிருக்கும் எண்களில் அன்றைக்குத் தண்ணீர் தொட்டு நிற்பது எதுவோ அதைக் கழுவிவிட்டுத்தான் ஜெயபாய் செல்போனை எடுப்பாள். மடைப்படியில் முழங்கால் நனைய நின்று ஒரு படம். பிறகு போனை வாயருகே கொண்டுபோய், பாசன அலுவலகத்து அதிகாரிக்கு, ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிக்கிற குரலில் சொல்வாள்: "படத்துல ஒம்பது சாரே. தண்ணியில பத்து." இரண்டு நீலக் குறி விழும்வரை கரையேற மாட்டாள்.

இலவுவிளைக் குளத்தின் லஸ்கர் அவள். மடையைத் திறப்பது, அடைப்பது, மட்டம் சொல்வது, அவ்வளவுதான் வேலை. கணவர் பார்த்துவந்தது, அவர் இறந்தபின் கருணை அடிப்படையில் இவளுக்கு வந்தது. ஊரில் அவளுக்குச் 'சர்க்காரு' என்று பெயர். டீக்கடையைத் தாண்டும்போது எவனாவது, "சர்க்காரு வருது, எந்திச்சு நில்லுங்கலே" என்பான். "இருங்க மக்கா, வரி கெட்டினவன் மட்டும் எந்திச்சா போதும்" என்று நடையைக் குறைக்காமலே சொல்லிவிட்டுப் போவாள். ஒருவனும் எழுந்ததில்லை.

அந்த ஓரடி வித்தியாசம் மூன்று வருடப் பழசு. கரையைப் பலப்படுத்திய கோடையில் பெயின்ட் அடிக்க வந்தவர், மடையின் அடிக்கல் சேற்றுக்குள் ஓரடி புதைந்து கிடந்ததைப் பார்க்கவில்லை. சேற்றிலிருந்து கணக்கைத் தொடங்கிவிட்டார். ஆகவே சுவர் பதினொன்று என்று காட்டும்போது குளத்தில் பன்னிரண்டு நிற்கும். பன்னிரண்டுக்கு மேல் கரை தாங்காது. மிச்சத் தண்ணீர் போக வேண்டிய மறுகால் ஓடையில் பாதி வீட்டுமனையாகிவிட்டதால், மடை ஒன்றுதான் வழி. ஜெயபாய் இதை மூன்று அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறாள். புதிதாக எழுத எஸ்டிமேட் போடவேண்டும் என்றார்கள். நீயே ஒரு டப்பா பெயின்ட் வாங்கி மாற்றிவிடேன் என்று கேட்டால் அவளுக்கு முகம் மாறிவிடும். "சர்க்காரு எழுதினத நான் அழிக்கலாமா?" அதனால் தப்பான எண்ணைத் தினமும் சுத்தமாகக் கழுவிவைக்கிறாள்.

வானிலை அறிக்கை கேட்பாள்; ஆனால் நம்புவது மேலே மலையடிவாரத்து அருமனையில் கட்டிக்கொடுத்த தங்கை ஞானசெல்வியைத்தான். காலையில் போன் போட்டு நலம் விசாரிக்கும் முன்னே, "ஏட்டி, இன்னைக்கு ரப்பர் வெட்டு உண்டா?" என்பாள். மழையில் மரத்தில் பால் வெட்ட முடியாது; வெட்டு இல்லையென்றால் அங்கே மழை பிடித்துவிட்டது. மதியத்துக்குள் குளத்துக்கு வரும்.

மடைக் கம்பியின் கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை லிட்டரில் சொல்ல அவளுக்குத் தெரியாது. வாய்க்கால் ஓரத்தில் வீடு வைத்திருக்கும் சுஜியின் வாசலைக் கொண்டு சொல்வாள். இரண்டு சுற்றுக்கு நடைக்கல் நனையும். மூன்றுக்கு உள்ளே வந்துவிடும். "அக்கா, திறக்கும்போ ஒரு மிஸ்டு காலாவது அடிங்க. போன வாட்டி எனக்க அரிசிப் பானை மிதந்துட்டு" என்று சுஜி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். வயல்காரர் ஆபேலுக்கு அது நேர் எதிர்ப் பிரச்சினை. தை மாதம் கும்பப்பூ போகத்து நெற்கதிர் பால் பிடிக்கையில் குளத்தில் தண்ணீர் நிற்கவேண்டும். "இப்ப வெள்ளம் வெள்ளம்னு தொறந்து விட்டுட்டு, தையில ஒனக்க ஆபீஸ்ல வந்து கதிருக்குத் தண்ணி கேக்கவா?" ஜெயபாய் இருவருக்கும் ஒரே பதில்தான் சொல்வாள்: "பாப்பம்."

இந்த ஐப்பசியில் நான்கு நாள் அருமனையில் வெட்டு இல்லை. ஐந்தாம் நாள் காலை, தண்ணீர் சுவரில் பதினொன்றுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. குளத்துக்குள் வரும் ஓடை செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து, இன்னும் ஓரடிக்கு மேல் இடமிருக்கிறது, தண்ணீரைச் சேமிக்கவும், பன்னிரண்டு வந்தால் மட்டும் திறக்கவும் என்று செய்தி வந்தது. ஜெயபாய் வழக்கமான குரலில் பதில் அனுப்பவில்லை. போன் போட்டாள். "சாரே, நான் எட்டாங் கிளாஸ்தான். நீங்க வந்து அளந்து பாருங்க. கரை போயிரும்னு எனக்குப் பேடியா இருக்கு."

உதவிப் பொறியாளர் ஆன்ஸ்லின் வந்தார். மாற்றலாகி வந்து இரண்டு மாதமே ஆன இளைஞர். தண்ணீருக்கு மேலே இருந்த முதல் படியில் ஷூவைக் கழற்றிவைத்து, மடை மேடையில் ஏறி, அளவு நாடாவின் நுனியில் கல்லைக் கட்டி, அது சேற்றுக்குள் புதைந்து அடிக்கல்லில் தட்டும்வரை இறக்கினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இறக்கினார். பன்னிரண்டடிக்கு இரண்டு விரல் குறைவு. சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இத்தன நாளா நீங்க சொன்னது இதுதானா அக்கா?"

"ஆமா சாரே. தெனமும் சொல்லுகேன்."

அவர் மேலிடத்துக்குப் போன் செய்தார். அங்கே பதிவேட்டைப் புரட்டினார்கள். பதிவேட்டில் பதினொன்று என்றுதான் இருக்கிறது, திருப்பி அழைக்கிறோம், அதுவரை தொடவேண்டாம் என்றார்கள். அவர் மேடையில் நடந்தார். மழை வலுத்தது. கரையில் சுஜி குடையோடும் ஆபேல் தலையில் வாழையிலையோடும் வந்து நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழிந்தது. ஜெயபாய் இறங்கிப்போய், படியில் கிடந்த அதிகாரியின் ஷூ இரண்டையும் எடுத்து, இரண்டு படி மேலே ஜோடியாக வைத்தாள். அவை இருந்த இடத்தில் தண்ணீர் ஏறி ஆடியது.

ஆன்ஸ்லின் அதைப் பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "நான் எழுதிக் கையெழுத்துப் போடுறேன் அக்கா. எத்தன சுத்து?"

ஜெயபாய் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினாள். பிறகு கரையில் நின்ற இருவரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு விரலை மடக்கிக்கொண்டாள்.